பிள்ளையைச் சேர்க்கும் முன் மாடிவரை ஏறிப் பாருங்கள்

திருவாரூர் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று அலைந்துகொண்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பள்ளி வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஐந்தாம் வகுப்புவரை மொத்தமே எண்பது பிள்ளைகள். "எங்ககிட்ட கூட்டம் கிடையாது, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியா கவனிப்போம்" என்றார் தலைமையாசிரியை. நம்பினோம்.

முதல் வருடம் நோட்டு முழுக்கச் சிவப்பு டிக்கும் நட்சத்திரமும்தான். இரண்டாம் வகுப்பு அரையாண்டு லீவில் பாடத்தைக் கடகடவென ஒப்பித்தாள். படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நடுவில் ஒரு வரியைக் காட்டினேன். விழித்தாள். 'மரம்' என்று தனியே எழுதிக் காட்டினேன். அதுவும் தெரியவில்லை. இத்தனை நாளும் பலகையில் இருந்ததைப் பார்த்து வரைந்துகொண்டிருந்திருக்கிறாள். பழைய நோட்டுகளை இறக்கிப் புரட்டினேன். 'பள்ளி' என்பதைப் 'பளி' என்று எழுதிய இடத்திலும் டிக் இருந்தது.

விசாரித்ததில், ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியைகள். அதில் ஒருவர் பிளஸ் டூ முடித்த பெண். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று வகுப்பை ஒரே அறையில் உட்காரவைத்தால் யார்தான் என்ன செய்ய முடியும்? 61 முதல் 90 பிள்ளைகள் இருந்தால் மூன்று ஆசிரியர்கள் வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது.

படிப்பாவது போகட்டும், பிறகு பிடித்துக்கொள்ளலாம். ஜனவரியில் அவளுக்குக் காய்ச்சல் விடவே இல்லை. சிறுநீர்த் தொற்று என்றார் டாக்டர். "ஸ்கூல்ல பாத்ரூம் போறாளா?" என்றுதான் முதலில் கேட்டார். மகள் மெதுவாகச் சொன்னாள்: "தாழ்ப்பாள் இல்லம்மா. பெரிய பசங்க கதவைத் தள்ளிடுறாங்க. அதான் தண்ணியே குடிக்கமாட்டேன்." மாதக்கணக்கில் பாட்டில் நிறைய அப்படியே திரும்பி வந்தது. நான் அதற்காக அவளைத் திட்டியிருக்கிறேன்.

மறுநாள் போனேன். "பேரண்ட்ஸ் கேட்டோட சரி" என்று நிறுத்தப் பார்த்தார்கள். கேட்காமல் மாடி ஏறினேன். மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு வகுப்பு நடக்கிறது. இறங்க ஒரே படிக்கட்டு, ஒரு ஆள் அகலம். அதிலும் பாதிக்கு உடைந்த பெஞ்சுகள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் இப்படியொரு கூரையில் தீப்பிடித்துத்தான் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். அந்தக் கும்பகோணம் எங்களுக்குப் பஸ்ஸில் போய்வருகிற ஊர். படியில் நின்றபோது கால் நடுங்கியது.

தலைமையாசிரியை சொன்ன பதில்: "வீட்ல நீங்க சொல்லிக் குடுக்கலன்னா நாங்க என்ன பண்றது?" டி.சி. கேட்டதற்கு, முழு வருட ஃபீஸையும் கட்டினால்தான் என்றார். இதற்கு யாரும் பயப்பட வேண்டாம். டி.சி. வரத் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தில் இருக்கிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் அன்றே சேர்த்துக்கொண்டார்கள். எழுத்து அட்டையிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறாள்.

சேர்க்கும் முன் அங்கீகார ஆணையைக் கேளுங்கள். எந்தத் தேதிவரை என்று பாருங்கள். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். தனியார் பள்ளிகளுக்கு அரசு அமைத்த கட்டண நிர்ணயக் குழு எவ்வளவு ஃபீஸ் போட்டிருக்கிறது, இவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று ஒப்பிடுங்கள். வகுப்பு நடக்கும் நேரத்தில் போய்க் கழிப்பறைக் கதவைச் சாத்திப் பாருங்கள்.

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். அந்தப் பள்ளியிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் இன்னும் நான்கு அம்மாக்களும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.