ழ இருக்க வேண்டிய இடத்தில் ஆச்சரியக்குறி: லினக்ஸில் அசெர்ட்டியும் தமிழ்99-உம்

பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவில், சேன்-ஆந்த்ரே ஊரில், சனிக்கிழமை மாலைகளில் பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். சொந்த ஊர் காரைக்கால். அங்கே கை பழகியது வழக்கமான ஆங்கில வரிசையான குவெர்ட்டி விசைப்பலகையில், தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறையில். இங்கே கடைக்குப் போய் மடிக்கணினி கேட்டால் கையில் கொடுப்பது அசெர்ட்டி, அதாவது எழுத்துகள் சில இடம் மாறியிருக்கும் பிரெஞ்சு விசைப்பலகை. 2023 கடைசியில் வாங்கிய கணினியில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12 போட்டேன். அன்றிலிருந்து பாட நோட்டு, கோயில் அறிவிப்பு, வீட்டுக் கடிதம் எல்லாம் அதில்தான். வேறு இயங்குதளம் பக்கம் போகவில்லை. ஆனால் விசைப்பலகை மட்டும் ஒழுங்காக அமைய நான்கைந்து மாதம் பிடித்தது. அசெர்ட்டியில் தமிழ் அடிக்க நினைக்கிறவர்களுக்கு அந்த மாதங்கள் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் வாரம் வகுப்பில் நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளை நிறுவி, பல மொழிகளுக்கான எம்17என் தொகுப்பிலிருந்து தமிழ்99-ஐச் சேர்த்திருந்தேன். அறுபது வயது தாண்டிய அம்மா ஒருவர், "சார், 'தமிழ்' என்று நானே அடிக்கட்டுமா?" என்று கேட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். என் விரல் காட்டிய இடங்களில் அடித்தார். த வந்தது, மி வந்தது. ழ இருக்க வேண்டிய விசையை அழுத்தினார். திரையில் 'தமி!' என்று நின்றது.

அடுத்து 'அம்மா' அடித்துப் பார்த்தோம், 'ஆம்ம' என்று வந்தது. 'நான்' என்பது 'ரன்' ஆனது. ராமசாமி என்ற பெயர் இந்தத் தீவில் எத்தனையோ குடும்பங்களுக்கு உண்டு, பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இரண்டு எஸ் போட்டு எழுதுவார்கள். அதைத் தமிழில் எழுதிப் பார்க்கத்தான் பாதிப் பேர் வகுப்புக்கே வருகிறார்கள். அந்தப் பெயரில் ர வரவேண்டிய இடத்தில் காற்புள்ளி விழுந்தது. ச வரவேண்டிய இடத்தில் பிரெஞ்சுக்காரர்களின் தொப்பிக்குறி, அடுத்த எழுத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றது. எனக்கு மனசே சரியில்லாமல் போய்விட்டது.

காரணம் புரிய நாளாயிற்று. லினக்ஸில் இரண்டு அடுக்கு இருக்கிறது. கீழே எக்ஸ்கேபி. விரல் அழுத்திய விசை எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து, இது ஆங்கில 'ஏ', இது 'க்யூ' என்று முடிவு செய்வது அது. மேலே உள்ளீட்டு முறை. கீழே இருந்து வந்த எழுத்தை வாங்கித் தமிழாக மாற்றுவது இது. எம்17என் தமிழ்99-க்கு 'ஏ' என்று வந்தால் அ, 'க்யூ' என்று வந்தால் ஆ. விசை எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அசெர்ட்டியில் ஏ-யும் க்யூ-வும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, இசட்டும் டபிள்யூவும் அப்படியே. அதனால் அ, ஆ இரண்டும், ஈ, ஔ இரண்டும் இடம் மாறிப் போகின்றன. எம் விசையோ எல்லுக்குப் பக்கத்தில் போய்விட்டது, அதோடு ர-வும் போய் ந-வின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவான தளவமைப்பு தமிழ்99. உயிர் பெரும்பாலும் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு என்று விரலுக்கு ஏற்றபடி பிரித்த அழகெல்லாம் குவெர்ட்டி வரிசையை நம்பித்தான் இருக்கிறது.

எக்ஸ்கேபியிலேயே தமிழ்நெட்99 தளவமைப்பு இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன என்று கேட்கலாம். போட்டுப் பார்த்தேன். அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று கொடுக்கும், அவ்வளவுதான். ம-வை இரண்டு தடவை தட்டினால் முதல் ம-வுக்குத் தானாகப் புள்ளி விழுவது, ந-வுக்குப் பின் த வந்தால் 'ந்த' ஆவது, இதெல்லாம் முன்னால் என்ன எழுத்து வந்தது என்று பார்த்துச் செய்கிற வேலை. எக்ஸ்கேபியால் அது முடியாது. தமிழ்99-இன் வேகமே அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது.

அப்புறம் எக்ஸ்கேபி தளவமைப்பை மாற்றும் செட்எக்ஸ்கேபிமேப் கட்டளையில் பிரெஞ்சு, அமெரிக்கன் (அதாவது குவெர்ட்டி) இரண்டையும் கொடுத்து, ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்த்து அழுத்தினால் மாறும்படி வைத்தேன். தமிழ் அடிக்கும் முன் அமெரிக்கனுக்கு மாற வேண்டும், பிறகு ஐபஸ்ஸை மாற்ற வேண்டும், திரும்பும்போது இரண்டையும் திருப்ப வேண்டும். ஒன்றை மறந்தால் பிரெஞ்சுக் கடிதம் குழம்பும். யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றைச் சொருகினால் அந்த அமைப்பு கலைந்து பழையபடி ஆகிவிடும், கணினியை அணைத்துப் போட்டாலும் அப்படித்தான். நிலையாக இருக்க வேண்டுமென்றால் கீபோர்டு-கான்ஃபிகரேஷன் தொகுப்பை, டெபியனின் தொகுப்புக் கருவியான டிபிகேஜி வழியாக மறுபடி அமைக்க வேண்டும். செய்தேன். ஆனால் அவசரத்தில் அமெரிக்கனை முதலாவதாகக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை உள்நுழைவுத் திரை என் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. அதில் ஓர் ஏ இருந்தது, ஓர் எம் இருந்தது. அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பார்த்து அடித்தால் திரைக்குப் போனது க்யூவும் அரைப்புள்ளியும். கடவுச்சொல் பெட்டி புள்ளிகளைத்தானே காட்டும், எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. விசைப்பலகையில் எது அச்சிட்டிருக்கிறதோ அதுவே முதலில் இருக்கட்டும்.

சரி, கடைசியில் கைகொடுத்தது ஐபஸ்ஸைப் போன்ற இன்னொரு உள்ளீட்டு மென்பொருளான எஃப்சிடிக்ஸ்5. அதில் ஒவ்வோர் உள்ளீட்டு முறைக்கும் தனித்தனியே தளவமைப்பு சொல்லலாம். அமைப்புச் சாளரத்தில் பட்டியலில் தமிழ்99-ஐத் தேர்ந்து, அதற்கு மட்டும் அமெரிக்கன் என்று கொடுத்தேன். பிரெஞ்சு பிரெஞ்சாகவே இருக்கிறது. கன்ட்ரோலும் இடைவெளி விசையும் சேர்த்து ஒரு தட்டு, தமிழ் அதன் பழைய இடங்களில் வந்து உட்காருகிறது. ஆச்சரியக்குறி விசையில் ழ, தொப்பிக்குறி விசையில் ச, டாலர் விசையில் ஞ. இந்த அமைப்பைச் சேமித்து வைக்கும் புரோஃபைல் என்ற கோப்பைக் கையால் திருத்துகிறவர்கள் முதலில் எஃப்சிடிக்ஸ்5-ஐ நிறுத்திவிட்டுத் திருத்துங்கள். ஓடும்போது திருத்தினால் மூடும்போது அது பழையதையே மேலே எழுதிவிடும். டெபியன் 13-க்கு மாறிய பிறகும் இந்த அமைப்பு அப்படியே இருக்கிறது.

மாற்றுவிசையாக வலது ஆல்ட்டை வைக்கலாமா என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். பிரெஞ்சில் வேண்டாம். அட் குறி வேண்டுமென்றாலே வலது ஆல்ட்டோடு சுழியம் அழுத்த வேண்டும். அதைப் பறிகொடுத்தால் மின்னஞ்சல் முகவரிகூட எழுத முடியாது.

பிரெஞ்சுப் பக்கத்தில் லினக்ஸ் எனக்குக் கொடுத்த நல்ல விஷயம் ஒன்று உண்டு. இந்தத் தீவின் பிரெஞ்சுப் பெயரில் மேல்கோடு போட்ட ஈ (é) இருக்கிறது, சேன்-ஆந்த்ரே பெயரிலும் இருக்கிறது. கோயில் அறிவிப்பின் தலைப்பைப் பெரிய எழுத்தில் எழுதும்போது பலரும் அந்த மேல்கோட்டைப் போடாமல் விட்டுவிடுவார்கள். லினக்ஸில் கேப்ஸ்லாக் போட்டுவிட்டு அந்த விசையைத் தட்டினால் கோட்டோடு பெரிய எழுத்து வந்துவிடுகிறது. 2019 ஏப்ரலில் பிரான்சின் தர நிர்ணய அமைப்பான ஆஃப்னோர் வெளியிட்ட புதிய பிரெஞ்சுத் தளவமைப்பும் எக்ஸ்கேபியில் கிடைக்கிறது. ஒரு வாரம் பழகிப் பார்த்தேன், குறியீடுகள் நிறைய இடம் மாறியிருப்பதால் பழையதுக்கே திரும்பினேன்.

இன்னும் தீராதது ஒட்டுத்தாள் விஷயம். தமிழ் எழுத்து ஒட்டுத்தாள்கள் ஆங்கில எழுத்தையும் சேர்த்து அச்சிட்டு வருகின்றன. அவற்றை அசெர்ட்டியில் இடம் பார்த்து ஒட்டினால் ஆங்கில எழுத்து பொய் சொல்கிறது. அதனால் வெள்ளைத் தாளில் தமிழ் எழுத்தை மட்டும் அச்சடித்து, சின்னச் சின்னதாக வெட்டி, விசையின் கீழ் வலது மூலையில் ஒட்டி, மேலே கண்ணாடி டேப் போட்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. முதலில் தேய்வது அ, க, ப.

அந்த அம்மாவுக்கு இப்போது தாள் தேவையில்லை. போன வாரம் ராமசாமி என்று முழுதாக அடித்தார், பார்க்காமலே.