எர்த் ஒயரில் எரிந்த குளியலறை விளக்கு: ஓர் எச்சரிக்கை

திருச்சியில் 2008ஆம் ஆண்டு கட்டிய எங்கள் வீட்டின் குளியலறையில், வாஷ்பேசினுக்கு மேலிருந்த பழைய டியூப் லைட்டை எடுத்துவிட்டு 12 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் பொருத்துவதற்காக, சென்ற ஐப்பசியில் ஒரு கடையின் மூலம் எலக்ட்ரீஷியன் ஒருவரை வரவழைத்தேன். விளக்குக்கு 1,450 ரூபாய், கூலி 500 ரூபாய், அவற்றுக்கு மேல் 'ஆர்.சி.சி.பி. சரிசெய்த வகையில்' 600 ரூபாய் என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஆர்.சி.சி.பி. என்பது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானாகவே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி. அந்த 600 ரூபாய்க்கு அவர் செய்த வேலை இன்னதென்று எனக்குத் தெரியவர ஐந்து வாரங்களாயின.

பழைய விளக்கைப் பெயர்க்கும்போது அவர் இழுத்த இழுப்பில், மின்சாரம் திரும்பிச் செல்லும் கறுப்பு நியூட்ரல் ஒயர் சுவருக்குள்ளிருக்கும் குழாயிலேயே அறுந்துவிட்டது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. ஸ்பிரிங் கம்பி விட்டுப் புதிய ஒயர் இழுத்திருந்தால் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அதற்கான கூலியைக் கேட்டிருந்தால் மறுபேச்சின்றிக் கொடுத்திருப்பேன். அவரோ, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் கொண்டுபோவதற்காக அங்கிருந்த பச்சை எர்த் ஒயரையே நியூட்ரலாக வைத்து விளக்கில் முடுக்கிவிட்டார். சுவிட்சைப் போட்டதும் விளக்கு ஒரு கணம் எரிந்தது, உடனே வீடு முழுவதும் மின்சாரம் நின்றது. "பழைய ஆர்.சி.சி.பி. சார், ஈரக்காத்துக்கே விழும்" என்று சொல்லிவிட்டு, வீட்டின் மின் இணைப்புகள் பிரியும் டி.பி. பெட்டியைத் திறந்து பத்து நிமிடம் ஏதோ செய்தார். அதன்பின் அது விழவில்லை. நானும் நன்றி சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

உண்மையில் அந்த ஆர்.சி.சி.பி. தன் கடமையைத்தான் செய்திருக்கிறது. பேஸ் வழியாகப் போகும் மின்சாரமும் நியூட்ரல் வழியாகத் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருப்பது அதன் வேலை; வீடுகளில் பொருத்தப்படும் 30 மில்லியாம்பியர் வகையில், அந்த அளவுக்கு வேறுபாடு வந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். 12 வாட் விளக்கு 230 வோல்ட்டில் 50 மில்லியாம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். அது முழுவதும் நியூட்ரலுக்குத் திரும்பாமல் எர்த்துக்குள் போனால் ஆர்.சி.சி.பி. விழாமல் என்ன செய்யும்?

கார்த்திகை பிறந்த பிறகு, அந்த விளக்கு சில வேளைகளில் மங்கலாகி மறுபடி பிரகாசமாயிற்று. விளக்கின் தரம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் காலையில் அம்மா, "குழாயைத் தொட்டா எறும்பு கடிக்கிற மாதிரி சுருக்குங்குதுடா" என்றார். டெஸ்டரை எடுத்து கீசரின் உலோகப் பகுதியில் வைத்துப் பார்த்தேன். கீசர் சுவிட்ச் அணைந்திருந்தபோதே டெஸ்டர் எரிந்தது. அத்தனை பேரையும் குளியலறையிலிருந்து வெளியே வரச் சொல்லிவிட்டு, மெயினை அணைத்தேன்.

மறுநாள் வந்த பெரியவர் மின் கம்பியாள் சான்றிதழ் பெற்றவர். அவர் விளக்கைத் தொடவே இல்லை. முதலில் மெயினைப் போட்டு, ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதியிருக்கும் பொத்தானை அழுத்தினார். லிவர் அசையவில்லை. மீண்டும் மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றியபோது, ஆர்.சி.சி.பி.க்குள் வரவேண்டிய ஒயர்களும் வெளியே போகவேண்டிய ஒயர்களும் அதன் பின்னால் நேரடியாக முறுக்கப்பட்டு டேப் சுற்றிக் கிடந்தன. எந்த ஒயரும் இல்லாத ஆர்.சி.சி.பி., லிவரை மேலே தூக்கிக்கொண்டு வெறும் பொம்மையாக உட்கார்ந்திருந்தது. பிறகு விளக்கைக் கழற்றினார். பச்சை ஒயரின் முனையில், கறுப்பாகத் தெரியட்டும் என்று மூன்று விரற்கடை நீளத்துக்கு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. உலோக உடல் கொண்ட அந்த விளக்கோடு வந்த எர்த் ஒயர் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தது. தெரியாமல் செய்தவர் டேப் சுற்றியிருக்க மாட்டார் என்பதே என் எண்ணம்.

கொல்லையில் மண்ணில் புதைத்த எர்த் குழாயோடு எர்த் ஒயரைப் பிடித்திருந்த கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. எர்த் இணைப்பு விட்டுப்போன நேரங்களில், பேஸிலிருந்து விளக்கு வழியாக வந்த மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லாமல், அதே எர்த்தில் சேர்ந்திருந்த கீசர், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் ஆகியவற்றின் உடல்களிலெல்லாம் அது ஏறி நின்றிருக்கிறது. விளக்கு மங்கியதும் அதனால்தான். கிளிப் துருப்பிடித்தது எங்கள் கவனக்குறைவு, அதை மறுக்கவில்லை. ஆனால் எர்த்தில் மின்சாரத்தை ஓடவிட்டதும், அப்போது காப்பாற்ற வேண்டிய ஆர்.சி.சி.பி.யை முடக்கியதும் அந்த எலக்ட்ரீஷியனின் கைவேலை.

கடையில் போய்க் கேட்டேன். அவரையே வரவழைத்தார்கள். "நியூட்ரலும் எர்த்தும் கடைசில டிரான்ஸ்பார்மர்ல ஒண்ணாத்தான சார் சேருது?" என்றார். டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலை எர்த் செய்திருப்பது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஒன்றை மற்றொன்றாகப் பயன்படுத்தலாம் என்பது உயிரோடு விளையாடும் பேச்சு. 600 ரூபாயைத் திருப்பித் தரவில்லை. புதிய நியூட்ரல் இழுக்கவும், கிளிப் மாற்றவும், ஆர்.சி.சி.பி.யை மீண்டும் இணைக்கவும் எனக்கு மேலும் 1,800 ரூபாய் ஆயிற்று.

குளியலறை விளக்கை மாற்றப் போகிறவர்கள், வேலை முடிந்து பணம் கொடுப்பதற்கு முன்பாக அந்த 'டி' பொத்தானை எலக்ட்ரீஷியன் எதிரிலேயே அழுத்திப் பாருங்கள். மின்சாரம் நிற்காவிட்டால் அவரை அனுப்பாதீர்கள். வேலைக்குப் பிறகு ஆர்.சி.சி.பி. விழுந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அதைத் தவிர்த்து இணைக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். இன்னொன்றையும் பெரியவர் சொன்னார்: இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தாலும் விளக்குகளின் ஒயரில் 230 வோல்ட் இருக்கும் என்பதால், டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் ஓரிடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைத்த பிறகே விளக்கின் ஒயரில் வைக்க வேண்டும்.

எங்கள் தெருவில் அதே எலக்ட்ரீஷியன் வேலை செய்த வேறு இரண்டு வீடுகளிலும் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். ஒரு வீட்டில் லிவர் உடனே விழுந்தது. மற்ற வீட்டில் விழவில்லை. அங்கே பெரியவர் வெள்ளிக்கிழமை போகிறார்.