வார்டுக்கே வரும் ‘வக்கீல் ஆபீஸ்’ ஆட்களிடம் ஏமாறாதீர்கள்: 38,000 ரூபாய் போச்சு

சென்னையில் யார் வீட்டிலாவது ரோட்டில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் வக்கீலைத் தேடுங்கள். 38,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம். என் தம்பி பெயரில் ஒரு இழப்பீட்டு மனுகூடத் தாக்கல் ஆகவில்லை என்று இன்று மதியம்தான் தெரிந்தது. வயிறு எரிகிறது. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

தம்பி டெலிவரி வேலை பார்ப்பவன். துரைப்பாக்கம் பக்கம் ஓ.எம்.ஆரில் தண்ணி லாரி இடித்து வலது கால் எலும்பு முறிந்து, பிளேட் வைத்தார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாளே ஆர்த்தோ வார்டு வராண்டாவுக்கு ஒரு ஆள் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் நீல ஃபைல். “அக்கா, எஃப்.ஐ.ஆர். காப்பி கைக்கு வந்துச்சா?” என்றுதான் பேச்சை ஆரம்பித்தான். லாரி நம்பர் எங்களுக்கே தெரியாது. அவன் ஃபைலில் எழுதி வைத்திருந்தான். எந்த ஸ்டேஷன், எந்த எஸ்.ஐ. விசாரிக்கிறார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். சொன்ன மாதிரியே மறுநாள் எஃப்.ஐ.ஆர். காப்பியோடு வந்து நின்றான். ராத்திரி பூரா கண் விழித்துக் கிடக்கிற குடும்பத்துக்கு, சொன்னதைச் செய்கிற ஒரு ஆள் கிடைத்தால் தெய்வமாகத்தான் தெரிவான். அந்தக் காப்பியைப் புகார் கொடுத்தவருக்கு ஸ்டேஷனில் இலவசமாகவே தர வேண்டும் என்பது சட்டம். காவல்துறை இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம் என்பதும் இப்போதுதான் தெரிகிறது.

பாரிமுனைப் பக்கம் ஒரு மாடி ஆபீசுக்குக் கூட்டிப் போனான். கோட்டு போட்ட ஒருவர் ஐந்து நிமிடம் பேசினார். “பத்து லட்சத்துக்குக் குறையாதும்மா. ஜெயிச்சா இருபத்தஞ்சு பர்சென்ட் கொடுங்க, முன்பணம் எதுவும் வேண்டாம்” என்றார். வக்காலத்து (நமக்காக வாதாட வக்கீலுக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்), அப்புறம் எழுதாத வெள்ளைத்தாள்கள் என்று வரிசையாகத் தம்பியிடம் கையெழுத்து வாங்கினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில் எல்லாம் ஒரிஜினலாகவே அவர்கள் கைக்குப் போனது. முன்பணம் வேண்டாம் என்றவர்கள் அடுத்த வாரமே மெடிக்கல் போர்டு செலவு என்று 8,000 ரொக்கமாக வாங்கினார்கள். கோர்ட் செலவுக்கு என்று 30,000 ஜிபேயில். அதுவும் வக்கீல் கணக்குக்கு இல்லை, அந்த வெள்ளைச் சட்டைக்காரன் நம்பருக்கு. ரசீது கேட்டால், “நம்ம ஆபீஸ்ல அந்தப் பழக்கம் இல்லக்கா.” ஆக 38,000. அம்மாவின் வளையலை அடகு வைத்த பணம் அது.

அதற்கப்புறம் போன் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு கதை. “ஃபைல் பண்ணியாச்சு, இன்னும் நம்பர் ஆகல.” “ஜட்ஜ் லீவு.” “இன்சூரன்ஸ்காரன் டைம் கேட்டிருக்கான்.” “சாரே கூப்பிடுவாரு.” சார் ஒரு நாளும் கூப்பிடவில்லை. நான் விடாமல் கேட்கவும், எரிச்சலோடு ஒரு எம்.சி.ஓ.பி. நம்பரை, அதாவது விபத்து இழப்பீட்டு வழக்கின் நம்பரை, வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டான்.

எதிர் வீட்டுப் பெண் வக்கீலாக இருக்கிறாள். அந்த நம்பரை, கோர்ட் வழக்கு விவரம் பார்க்கிற இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் போட்டுப் பார்த்தாள். யாரோ ஒரு பெரியவரின் வழக்கு வந்தது. வண்டி வேறு, இன்சூரன்ஸ் கம்பெனி வேறு. தம்பி பெயரில் தேடினால் எதுவுமே இல்லை. இன்று, விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடக்கிற, ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கிற சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்கே நேரில் போய் விசாரித்துவிட்டு வந்தோம். அங்கேயும் அதே பதில்தான்.

போன் போட்டால் இப்போது மிரட்டல். “வேற வக்கீல் வேணும்னா எங்ககிட்ட என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லைன்னு கடிதம்) வாங்கணும், அதுக்கு 15,000 கட்டுங்க.” போடாத கேஸுக்கு என்ன என்.ஓ.சி.? எதிர் வீட்டுப் பெண் அடித்துச் சொல்கிறாள்: ஃபீஸ் பாக்கி இருந்தால்கூட கட்சிக்காரரின் கேஸ் ஃபைலைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது, 2000-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று. அந்த இருபத்தைந்து பர்சென்ட்டும் தப்பாம். இழப்பீட்டில் பங்கு பேசக் கூடாது, ஆள் வைத்துக் கேஸ் பிடிக்கக் கூடாது என்று, வக்கீல்களைக் கண்காணிக்கிற பார் கவுன்சிலின் விதியே இருக்கிறது.

பணத்தைவிட எனக்குப் பயம் நாள் ஓடுவதுதான். திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். எங்களுக்கு மிச்சம் இருப்பது சில வாரம். 38,000 ரூபாயை விழுங்கினதுமல்லாமல் அந்த நாட்களையும் தின்றுவிட்டார்கள். தம்பி இன்னும் வாக்கர் பிடித்துத்தான் பாத்ரூம் போகிறான்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. முக்கியமானது மட்டும் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குத் தேடி வருகிற யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். வெள்ளைத்தாளில் போடவே போடாதீர்கள். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். பணம் கொடுத்தால் வக்கீல் கணக்குக்கே போகட்டும், ரசீது வாங்குங்கள். கேஸ் போட்டாச்சு என்றால் நம்பரை வாங்கி அன்றைக்கே இ-கோர்ட்ஸில் பெயரைச் சரிபாருங்கள். கையில் காசு இல்லையென்றால் 15100-க்குப் போன் பண்ணி இலவச சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது.

நாளைக்கு முதல் வேலை, ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரிக்கு நகல் கேட்க வேண்டும். புது மனு தாக்கலானதும் பார் கவுன்சிலில் புகார். இதே மாதிரி வெள்ளைச் சட்டை, நீல ஃபைல் ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், வாட்ஸ்அப் பேச்சையும் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டையும் அழிக்காமல் வைத்திருங்கள். சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.