உப்புக் காற்றில் ஒரு வீட்டு சர்வர்: வடசென்னைக்கான நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

வீட்டுப் படம், வீடியோ, ஆவணங்களைச் சேமித்துக் கொடுக்க இரவு பகலாக ஓடும் சின்ன கணினியான வீட்டு சர்வரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வேகத்தையே அளக்கிறார்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலையொட்டிக் குடியிருப்பவர்களுக்கு அந்த அளவு பெரிதாக உதவாது. உப்பும் ஈரமும் கலந்த காற்று, கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி, போய்ப் போய் வரும் கரண்ட். இவற்றை எந்த மெஷின் வருஷக்கணக்கில் தாங்கும் என்பதுதான் இங்கே கேள்வி.

இங்கே பேசப்படுவது அலுவலகங்கள் கழித்துப் போடும் மினி பிசி. டெல் ஆப்டிப்ளெக்ஸ் 3050 மைக்ரோ, லெனோவா திங்க்சென்டர் எம்710க்யூ, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி3 மினி மூன்றும் ஒரே வகை. 35 வாட் ஐ5 சிப், உள்ளேயே ஒரு எம்.2 எஸ்எஸ்டிக்கும் ஒரு 2.5 அங்குல டிஸ்க்குக்கும் இடம். இவற்றில் வரும் ஆறாம், ஏழாம் தலைமுறை சிப்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதனால்தான் ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் இவை குவிந்து கிடக்கின்றன. டெபியன் 13 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளம் இவற்றில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். ஆறாம் தலைமுறையும் ஏழாம் தலைமுறையும் கலந்தே விற்பார்கள். ஏழாம் தலைமுறையையே கேட்டு வாங்குங்கள். 10 பிட் எச்இவிசி என்ற முறையில் சுருக்கிய வீடியோவை சிப்பிலுள்ள தனிப் பகுதியே பிரிக்கும் வசதி ஏழில்தான் வந்தது. ஆறில் அந்த வேலை முழுக்க சிபியு தலையில் விழும், ஃபேன் அலறும்.

சும்மா இருக்கும்போது சுமார் 10 வாட் இழுக்கும். 24 மணி நேரமும் ஓடினால் இரண்டு மாத ஈபி கணக்கில் 14.4 யூனிட். 50 வாட் இழுக்கும் பழைய டவர் பிசியை அதே வேலைக்கு வைத்தால் 72 யூனிட்; இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் முக்கால்வாசி அதற்கே போய்விடும். ஏசி ஓடும் மாதங்களில் இது இன்னும் உறைக்கும். 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படியிலும் விலை ஏறுகிறது.

ஓடிக்கொண்டே இருப்பதுதான் பாதுகாப்பு

கடலோர வீடுகளில் பலர் செய்வது இது: வேலை முடிந்ததும் மெஷினை நிறுத்தி, மேலே துணி போட்டு மூடிவிடுகிறார்கள். இந்த ஊரில் அதுதான் அதைக் கெடுக்கும் வழி. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை நெருங்கித் தாண்டும்போது உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிவது இதனால்தான். போர்டின் மேல் படிந்திருக்கும் உப்புத் துகளும் அப்படித்தான் நீர்த்துளியாகும். அது மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். நம் பக்கம் ராத்திரியில் ஈரப்பதம் இந்த எல்லைக்கு மேல் போவது சாதாரணம்.

ஓடும் மெஷினுக்குள் கதை வேறு. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வையுங்கள். அதே காற்று பெட்டிக்குள் 40 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் சுமார் 46 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். உப்பு உள்ளே இருந்தாலும் உலர்ந்த தூளாகவே கிடக்கும். குறைந்த வாட்டில் நிற்காமல் ஓடும் மெஷின் இங்கே நீடிப்பதும், வாரக்கணக்கில் அணைத்து வைத்த லேப்டாப் திடீரென்று ராம் (நினைவகம்) பிழை என்று பீப் அடிப்பதும் இந்தக் கணக்கால்தான். எஸ்எஸ்டியைத் தூங்க வைப்பது, ராத்திரி மட்டும் அணைப்பது போன்ற மின்சேமிப்பு யோசனைகளைக் கடற்கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் மறந்துவிடலாம்.

மணலி, எண்ணூர் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. காற்றில் கந்தக வாயுக்கள் சேர்ந்தால் செம்பும் வெள்ளியும் கறுத்துப்போகும். அனல்மின் நிலையச் சாம்பல் மாவு போல மெல்லியதாக உள்ளே இறங்கும். அங்கே சூடு மட்டும் காப்பாற்றாது. ஃபேன் இல்லாத, முழு அலுமினியக் கூட்டில் வரும் மெஷின் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது அதை எடுப்பதே சரி.

வாங்கும்போது

மூடியைக் கழற்றிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். யூஎஸ்பி துளைகளின் உள்விளிம்பில் வெள்ளைப் பவுடர், திருகுத் தலைகளில் துரு, சீமாஸ் (போர்டிலுள்ள காசு வடிவ) பேட்டரிக் கவ்வியில் பச்சை, இதில் எது இருந்தாலும் அது ஏற்கெனவே ஈரத்தில் கிடந்த மெஷின். பயாஸுக்குள் (மெஷினின் அடிப்படை அமைப்புத் திரைக்குள்) நுழைந்து பாஸ்வேர்ட் கேட்கிறதா என்று பாருங்கள். டெல் எடுத்தால் அதன் அசல் 65 வாட் அடாப்டரையும் சேர்த்தே கேளுங்கள். அடாப்டர் தன்னை அடையாளம் காட்டாவிட்டால் சிப்பின் வேகத்தை டெல் கட்டிப்போடும்; எல்லாம் மந்தமாக ஓடும், காரணம் தெரியாமல் மென்பொருளைக் குடைந்துகொண்டிருப்போம்.

ராம் அட்டையின் முலாம் பூசிய கால்களில் கறை இருந்தால் பென்சில் ரப்பர் போட்டுத் தேய்க்கும் பழக்கம் கடைகளில் உண்டு. தங்க முலாம் மிக மெல்லியது, தேயத் தேய அடியிலுள்ள உலோகம் வெளியே வரும், அடுத்த மழைக்காலத்தில் அங்கேதான் அரிக்கும். 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணி போதும்.

எங்கே வைப்பது

கடல் பார்த்த ஜன்னல் ஓரம் வேண்டாம். அடுக்களைச் சுவர் வேண்டாம். எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்தால் ஹீட்சிங்க்கில் (சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளில்) பிசின் மாதிரி ஒட்டும், எந்த புளோயராலும் போகாது. சாமி மாடத்துக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறது என்று அங்கே வைப்பவர்கள் நிறைய. ஊதுபத்தி, கற்பூரப் புகைக்கரியும் ஹீட்சிங்க்கில்தான் போய்ப் படியும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் போலத் தண்ணீர் தேங்கும் இடங்களில் தரைத்தளத்தில் இருந்தால் ஐந்தடி உயரத்தில் சுவர் அலமாரி. அடாப்டரும் எக்ஸ்டென்ஷன் போர்டும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். மெஷினை மேலே ஏற்றிவிட்டு எக்ஸ்டென்ஷன் போர்டைத் தரையில் விட்டால் பயனில்லை.

சூடான இடம் என்று கரப்பானும் பல்லியும் தேடி வரும். பின்பக்கத் துளைகளுக்கு மெல்லிய எஃகு வலை ஒட்டினால் தீர்ந்தது. நைலான் கொசுவலை காற்றை அதிகம் தடுக்கும். ஒட்டிய பிறகு வெப்பநிலை ஐந்து டிகிரிக்கு மேல் ஏறினால் வலைக் கண் பெரிதாக வேண்டும்.

கரண்ட்

மாதாந்திரப் பராமரிப்புக்காக காலை 9 முதல் மதியம் 2 வரை நிறுத்துவது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆபத்து அதுவல்ல, நொடியில் போய் வருவதுதான். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்னால் ஈகோ, யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். ஈகோவில் மாறும் நேரம் கூடுதல், பிசி ரீஸ்டார்ட் ஆகும். யுபிஎஸ் நிலையில் வைத்தால் மினி பிசியின் அடாப்டர் அந்த இடைவெளியைச் சமாளித்துவிடும். தனி யுபிஎஸ் என்றால் 600 விஏ போதும். உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் ஈய பேட்டரி. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பதால், டப்பாவில் எத்தனை வருஷம் என்று போட்டிருந்தாலும் நம் வெயிலுக்கு இரண்டு, மூன்று வருஷத்தில் மாற்றத் தயாராக இருங்கள். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் டிசி மினி யுபிஎஸ் தனியாக வைப்பது மேல். அதன் பிளக் அளவும் பெட்டி கேட்கும் ஆம்பியரும் ஒத்துப்போக வேண்டும்.

நீண்ட நேரம் கரண்ட் இல்லையென்றால் சர்வர் தானாக முறையாக அணைய வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை. எந்த பேட்டரியும் அதைத் தாங்காது. யுபிஎஸ்ஸில் யூஎஸ்பி தொடர்பு இருந்தால் நட் என்ற மென்பொருள் இதைப் பார்த்துக்கொள்ளும். இன்வெர்ட்டரில் ஓடுகிறது, தொடர்பு எதுவும் இல்லை என்றால் ஒரு வழி உண்டு. ஃபிரிட்ஜ் பாயின்ட் பெரும்பாலும் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்காது. அங்கே ஒரு வைஃபை ஸ்மார்ட் பிளக்கைச் செருகி, அதற்கு ரவுட்டரில் நிலையான முகவரி கொடுங்கள். சர்வர் நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பிங் செய்து (பதில் வருகிறதா என்று கேட்டு), தொடர்ந்து 30 நிமிடம் பதில் இல்லாவிட்டால் அணையட்டும். ரவுட்டரே செத்துப்போயிருந்தாலும் பிளக் பதில் தராது என்பதால், முதலில் ரவுட்டரைப் பிங் செய்து அது உயிரோடிருந்தால் மட்டும் எண்ணும்படி ஸ்கிரிப்ட்டை எழுதுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பயாஸில் கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி வைத்திருப்போம். ஆனால் இன்வெர்ட்டர் பேட்டரி தீருவதற்குள் கரண்ட் வந்துவிட்டால், மெஷினைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை. அணைந்தது அணைந்தபடியே கிடக்கும். பயாஸிலேயே தினமும் காலை 6 மணிக்கு ஆன் ஆகும் நேரத்தையும் அமைத்துவிட்டால் வெளியூரில் இருக்கும்போது தவிக்க வேண்டியதில்லை.

பெட்டியைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறதா? எர்த் இல்லை என்று பொருள். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கடலோர மண்ணில் உப்பு இருப்பதால் எர்த் நன்றாகவே பிடிக்கும். ஆனால் ஜிஐ பைப் சீக்கிரம் துருப்பிடித்து மண்ணுக்குள்ளேயே அறுந்துபோகும். செம்பு பூசிய ராடு போடுவதே நல்லது. பழைய அடுக்குமாடிகளில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400க்கு அருகில்கூட வரலாம். சாதாரண ஸ்பைக் பஸ்டர் அதற்கு ஈடாகாது. மெயின் போர்டில் கூடுதல், குறை வோல்ட்டில் துண்டிக்கும் சாதனம் ஒன்று இருக்கட்டும்.

ராஸ்பெர்ரி பை பற்றி

விளம்பரம் தடுக்கும் பை-ஹோலும், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட்டும் மட்டும் போதும் என்பவர்களுக்கு, ஃபேன் இல்லாத அலுமினியக் கூட்டில் ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவு கணினி இந்த ஊருக்கு மினி பிசியைவிடப் பொருத்தம். காற்றை உள்ளே இழுக்காததுதான் அதன் பலம். எஸ்டி கார்டில் ஓட்டாமல் யூஎஸ்பி எஸ்எஸ்டியில் ஓட்டுங்கள். பலவீனம் டைப்-சி மின் துளை. அங்கே அரிப்பு ஏறினால் 3 ஆம்பியர் இழுக்கும்போது வோல்ட் 4.63க்குக் கீழே விழுந்து குறைமின்னழுத்த எச்சரிக்கை வரும், டிஸ்க் காணாமல் போகும். அடாப்டர் போய்விட்டது என்று மாற்றுவதற்கு முன் துளையை ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள்.

டிஸ்க், கேபிள்

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் (SMART) அறிக்கையில் 5, 197, 199 என்ற எண்ணிட்ட மூன்று வரிகளின் மதிப்பை மட்டும் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். 5, 197 ஏறினால் டிஸ்க் சாகிறது, மாற்றுங்கள். 199 ஏறினால் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. கேபிளோ கனெக்டரோ அரித்திருக்கிறது. கடலோரத்தில் 199 ஏறுவதைப் பார்த்து நல்ல டிஸ்க்கைத் தூக்கிப்போட்டால் வீண் செலவு. நெட்வொர்க் கேபிள் முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு கேபிள், கிரிம்ப் செய்த இடத்தில் உப்பு பட்டதும் உதிர்ந்துவிடும். 1000 எம்பிபிஎஸ் இணைப்பு திடீரென்று 100க்கு இறங்கினால் முதல் சந்தேகம் அங்கேதான்.

வெளியிலிருந்து அணுக

ரவுட்டரின் வான் (WAN) முகவரி, அதாவது இணைய நிறுவனம் அதற்குக் கொடுக்கும் முகவரி, 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் உங்களுக்குத் தனி பொது முகவரி இல்லை. வெளியிலிருந்து சர்வருக்கு வழிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எத்தனை முறை போட்டாலும் வேலை செய்யாது. உங்கள் சாதனங்களைத் தனி வலையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் போடுங்கள். அதுவும் இதே வரிசையிலிருந்துதான் முகவரி கொடுக்கும், குழம்ப வேண்டாம்.

தமிழ் ஆவணங்கள்

படங்களுக்கு இம்மிச் (2025 அக்டோபரில் 2.0 வந்த பிறகு நம்பி வைக்கலாம்), வீடியோவுக்கு ஜெல்லிஃபின் என்பது எல்லோரும் சொல்வது. வீட்டில் அதிகம் பயன்படுவது ஆவணங்களைச் சேமித்துத் தேடித் தரும் பேப்பர்லெஸ். பட்டா, வீட்டு வரி ரசீது, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து போட்டால் அதனுள் இருக்கும் எழுத்தறியும் மென்பொருளான டெசராக்ட் படித்து, தேடினால் எடுத்துக் கொடுக்கும். நிறுவும்போது தமிழ் மொழித் தரவையும் சேர்த்து, படிக்கும் மொழியாகத் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் குறிப்பிட வேண்டும். ஆங்கிலம் மட்டும் இருந்தால் தமிழ் எழுத்துகள் வெறும் குப்பையாகப் பதிவாகும்.

அதிலும் ஒரு நுணுக்கம். பழைய அரசாணைகள், சுற்றறிக்கைகளின் பிடிஎஃப் பல வானவில் போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் செய்தவை. கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பது சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள். உள்ளே எழுத்து இருக்கிறது என்று பேப்பர்லெஸ் அவற்றைப் படிக்காமல் தாண்டிவிடும். அந்தக் கோப்புகளைப் போடும்போது மட்டும் பேப்பர்லெஸ் அமைப்பைக் கட்டாயமாகப் படிக்கும் நிலைக்கு மாற்றி, முடிந்ததும் பழையபடி வையுங்கள். கையெழுத்துப் பத்திரங்களை அது படிக்காது. தலைப்பிலும் குறிப்பிலும் சர்வே எண்ணை நாமே தட்டச்சு செய்துவிட வேண்டும்.

மழைக்கு முன்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயரால் ஊதுவது போதும், ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு. ஆனால் செப்டம்பர் கடைசியில் வடகிழக்குப் பருவமழைக்கு முன் முழுதாக ஒரு நாள் ஒதுக்குங்கள். தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கி, சர்வர் உண்மையிலேயே அணைகிறதா என்று காத்திருந்து பாருங்கள்.

இந்த ஊரில் முதலில் சாவது பீரோவில் சும்மா கிடக்கும் பேக்கப் டிஸ்க்தான். அதற்குச் சூடும் இல்லை, காற்றும் இல்லை. யூஎஸ்பி வாய் பச்சை பூத்துவிடும். ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத டப்பாவில் 50 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லை மாற்ற வேண்டும் அல்லது சூடாக்கி உலர்த்த வேண்டும். இம்மிச் படங்களோடு அது தானாக எடுக்கும் தரவுத்தள நகலும் இந்த டிஸ்க்குக்கு வர வேண்டும்; படங்கள் மட்டும் இருந்தால் ஆல்பங்களும் முகப் பெயர்களும் போய்விடும். டிஸ்க்கைச் செருகி ஒரு ஃபோல்டரை வேறு மெஷினில் திருப்பி எடுத்து, பத்துப் படங்களையாவது திறந்து பாருங்கள். பெயரும் அளவும் சரியாக இருந்து உள்ளே கெட்டுப்போன கோப்புகள் அப்போதுதான் மாட்டும்.