ஆல் ஃபோர்த்ஸ் ட்யூனிங்குக்கு 9-42 ஸ்ட்ரிங் செட்: நம்பி வாங்கலாம்

எலக்ட்ரிக் கிட்டார்ல தடி கம்பிலேர்ந்து இ ஏ டி ஜி சி எஃப்னு ஆல் ஃபோர்த்ஸ் (அடுத்தடுத்த கம்பிக்கு நடுவுல எப்பவும் அஞ்சு அரை ஸ்டெப் இடைவெளி) வைக்கிறவங்க இந்த 9-42 செட்டை (மெல்லிசு கம்பி 0.009 இன்ச், தடி கம்பி 0.042 இன்ச்) தாராளமா வாங்கலாம். பி கம்பி சி-க்கும், மெல்லிசு இ கம்பி எஃப்-க்கும் அரை ஸ்டெப் ஏறும்போது டென்ஷன் சுமார் 12 சதவீதம் கூடும், இதைவிட தடியான 10-46 செட்டுல அது விரல்ல நல்லா தெரியும், இதுல பெண்ட் பண்றப்ப (கம்பியை வளைச்சு சுருதி ஏத்துறப்ப) கூட சாஃப்டாதான் இருக்கு, ட்யூனும் நிக்குது. ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டான்லி ஜோர்டன் வாசிக்கிற ட்யூனிங் இதான், வழக்கமான ட்யூனிங்ல ஜி-க்கும் பி-க்கும் நடுவுல வர்ற மேஜர் தேர்ட் (நாலு அரை ஸ்டெப் இடைவெளி) இதுல இல்லாததால ஒரு ஸ்கேல் ஷேப்பை அப்படியே எந்த கம்பிக்கும் நகர்த்தலாம், சோலோ வாசிக்க அவ்ளோ சுகம்! ஆனா ஒரு விரலை குறுக்கா வெச்சு அமுக்குற, பழகின பார் கார்டு ஆறு கம்பியிலயும் உக்காராது, வெறும் ஸ்ட்ரம்மிங்னா வேணாம். எல்லா கம்பிக்கும் நடுவுல மேஜர் தேர்ட் வைக்கிற மேஜர் தேர்ட்ஸ் ட்யூனிங்குக்கும் இதை எடுக்காதீங்க, மேல இ-யை அப்படியே வெச்சா ஆறாவது கம்பியை ஜி ஷார்ப் வரை ஏத்தணும், அதுக்கு 42 ரொம்ப தடி.