கல்லடியிலிருந்து காரைதீவு வரை: பெற்றோல் வரி கட்டி ஓடும் ஒரு வீதியின் மதிப்பீடு

உணவகத்தை மதிப்பிடுபவர் விலையைச் சொல்லாமல் ருசியைப் பற்றி மட்டும் பேசினால் வாசிப்பவருக்குப் பயனில்லை. வீதிக்கும் அதே நியாயம் பொருந்தும் என்பதால் நான் விலையிலிருந்தே தொடங்குகிறேன். இலங்கையின் கிழக்குக் கரையோரமாகப் போகும் ஏ4 வீதியில், ஆரையம்பதியிலிருந்து கல்முனைக்கு வேலைக்குப் போய்த் திரும்ப நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 கிலோமீற்றர் மோட்டார் சைக்கிளில் ஓடுகிறேன். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் என்று பார்த்தால் நாளுக்கு 1.2 லீற்றர் பெற்றோல் செலவாகிறது. 2024 ஜனவரி 1ஆம் திகதி முதல் எரிபொருளுக்கும் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி உண்டு. அதற்கு மேலாக, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பழைய கடனைத் தீர்ப்பதற்கென்று லீற்றருக்கு 50 ரூபா அறவிடப்படுவதை 2025இல் அரசாங்கமே வெளிப்படையாகச் சொன்னது. வரிகளும் அடங்கலாக ஒரு லீற்றர் 300 ரூபா என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், இந்த இரண்டும் மாத்திரம் 96 ரூபா அளவில் வருகின்றன. நாளுக்கு 115 ரூபா, மாதத்துக்கு 22 வேலைநாள் என்று பெருக்கிக்கொண்டு போனால் ஆண்டுத் தொகை 30,000 ரூபாவைத் தாண்டுகிறது. கணக்கு வேலை பார்ப்பவனுக்கு ஒரு பழக்கம் விடாது: இவ்வளவு கட்டினேன், என்ன கிடைத்தது என்று கேட்பான்.

சட்டப்படி பார்த்தால் இந்தக் கேள்வி எழவே நியாயமில்லை. குறித்த ஒரு நோக்கத்துக்கென்று சட்டத்தால் ஒதுக்கப்படாத அரச வருமானம் அனைத்தும் ஒரே திரட்டு நிதியத்தில் சேரும் என்பது நமது அரசியலமைப்பின் 149ஆம் உறுப்புரை. நான் கட்டிய வரி அங்கே சம்பளத்தோடும் மருந்தோடும் கடன் வட்டியோடும் கலந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 1919இல், அந்நாட்டிலேயே முதன்முறையாக, கலனுக்கு 1 சென்ட் பெற்றோல் வரி விதித்தபோது அதை வீதிகளுக்கென்றே வைத்தது. கலிபோர்னியா 2017இல் கலனுக்கு 12 சென்ட் கூட்டிய பின்னர், அந்தப் பணத்தை வேறெதற்கும் எடுக்க முடியாதபடி 2018இல் வாக்கெடுப்பு நடத்தி மாநில அரசியலமைப்பிலேயே பூட்டு போட்டது. வீதியை உடைத்துப் புதிதாக அமைக்கும் இடங்களில், எந்த வரியிலிருந்து அந்தப் பணம் வந்தது என்று பலகை நாட்டுகிறார்கள். அப்படி ஒதுக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் வரி 1993இலிருந்து 18.4 சென்ட்டிலேயே நிற்பதால், 2008 முதல் பொது வருமானத்திலிருந்து பணம் எடுத்துத்தான் அவர்களுடைய நெடுஞ்சாலை நிதியத்தை நிரப்புகிறார்கள். ஆனாலும் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமானது. நமது வீதியோரப் பலகைகளில் கடன் தந்தவரின் பெயர் இருக்கும். அந்தக் கடனை அடைப்பவர் யார் என்பது இருக்காது.

இனி வீதிக்கு வருவோம். கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்பில் முடிகின்ற ஏ4 வீதியின் கடைசித் துண்டுதான் நான் நாள்தோறும் பயன்படுத்துவது. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து வந்து இந்தக் கரையோர வீதியையும் பாலங்களையும் சிதைத்துவிட்டுப் போனதையும், அதற்கு முன்பும் பின்பும் சோதனைச் சாவடிகளில் இறங்கி நடந்து ஏறிய காலத்தையும் கண்டவர்களுக்கு, இன்றைய காபட் (தார்க்கலவை விரித்த) வீதியில் வண்டி வழுக்கிக்கொண்டு போவது இன்னமும் சிறிது அதிசயமாகத்தான் இருக்கும். கல்லடியில் 1924இல் கட்டிய இரும்புப் பாலத்தில் எதிரெதிரே இரண்டு பெரிய வாகனங்கள் வந்தால் ஒன்று காத்திருக்க வேண்டியிருந்தது. 2013இல் ஜப்பானின் உதவியோடு அதற்குப் பக்கத்தில் புதிய பாலம் திறக்கப்பட்ட பிறகு அந்தக் காத்திருப்பு முடிந்துபோனது. தளத்தைப் பொறுத்தவரை, கிரான்குளத்திலிருந்து களுவாஞ்சிக்குடி வரையுள்ள நீட்டை நான் தயங்காமல் பாராட்டுவேன். இத்தனை மாரிகளுக்குப் பிறகும் தளம் பெரிதாக அலையலையாக எழவில்லை, வெடிப்பும் குறைவு. கீழே போட்டு இறுக்கிய கல்லும் கிறவலும் ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஊர்களுக்குள் நுழைந்ததும் கதை மாறுகிறது. காத்தான்குடியில் நடுத்திட்டில் வரிசையாக நிற்கும் பேரீச்சை மரங்கள் கண்ணுக்கு அழகு; ஆனால் இரண்டு பக்கமும் அகலமாக்கிய பகுதியை நிறுத்தி வைத்த வாகனங்களும் கடைகளின் விளம்பரப் பலகைகளும் எடுத்துக்கொள்வதால், ஓடுவதற்கு மிஞ்சுவது பழைய அகலமே. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் இதே நிலைமைதான். வீதியை அகலிக்க மக்கள் மதிலை உடைத்து நிலம் விட்டார்கள், அந்த நிலம் கடைக்காரரின் முற்றமாகத் திரும்பிப் போய்விட்டது. பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடை வந்தால் காபட்டின் ஓரத்தில் நெல் காயப் போடுகிறார்கள். இதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை, உலர்த்துவதற்குச் சீமெந்துத் தளம் இல்லாத விவசாயி வேறெங்கே போவார்? ஆனால் நெல்லுக்கு அடையாளமாக அடுக்கும் கற்களை இரவில் எடுக்காமல் விடுவதை மன்னிக்க இயலாது.

எனது பெரிய முறைப்பாடு நீரைப் பற்றியது. மேற்கே வாவி, கிழக்கே கடல், இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் திட்டு; எழுவான்கரை என்று நாம் சொல்லும் நிலத்தின் அமைப்பே இதுதான். ஒக்டோபர் இறுதியிலிருந்து ஜனவரி வரை பெய்யும் மழை, வாவிக்கோ கடலுக்கோ போக வேண்டும். வீதியோ வடக்குத் தெற்காக நீளத்துக்குக் கிடக்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேல் புதிய காபட்டை விரிக்கும்போது, சில சென்ரிமீற்றர் உயர்ந்து, காலப்போக்கில் வீதி ஓர் அணைக்கட்டாகிவிடுகிறது. தண்ணீர் வடிவதற்காக நடுவிலிருந்து ஓரத்துக்கு மீற்றருக்கு இரண்டு, இரண்டரை சென்ரிமீற்றர் சரிவு கொடுப்பது வழமை. அந்தச் சரிவு இங்கே ஒழுங்காகவே இருக்கிறது, ஆனால் வழிந்து ஓடும் நீர் போய்ச் சேர்வதற்கு வடிகான் இல்லாத இடங்களில் அது நேரே வீட்டு வளவுக்குள் இறங்குகிறது. எனது பெரியம்மாவின் வீட்டு வாசற்படி முன்பு வீதியைவிட இரண்டு படி உயரத்தில் இருந்தது, இப்போது வீதியிலிருந்து ஒரு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். மாரியில் அவர் மணல் மூட்டை அடுக்கிவிட்டுத்தான் படுக்கப் போகிறார். வடிகான் கட்டிய இடங்களிலும் மூடியை உயர்த்திப் பார்த்தால் பிளாஸ்ரிக் போத்தல்களும் தேங்காய் மட்டையும் அடைத்துக் கிடக்கின்றன. அதற்கு வீதி அமைத்தவரை மாத்திரம் குறை சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வீதிக்குக் கீழாக நீர் கடந்து போகும் மதகுகளின் கணக்கு இன்னும் மோசமானது. வீதியை அகலமாக்கும்போது மதகை நீளமாக்கியிருக்கிறார்கள். தண்ணீர் போகும் வாயைப் பெரிதாக்கியதாகப் பல இடங்களில் தெரியவில்லை. இதன் விளைவு என்ன என்பதைக் காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி அம்பாறை வீதியில் ஏறுபவர்கள் அறிவார்கள். காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் இருபுறமும் வயல். கல்லோயாத் திட்டத்தின் வயல்களைத் தாண்டி வரும் மழைநீர் கடலை நோக்கி இறங்கும் பள்ளத்தின் குறுக்கேதான் இந்த வீதி போகிறது. 2024 நவம்பர் 26ஆம் திகதி, வெள்ளம் வீதிக்கு மேலாகப் பாய்ந்துகொண்டிருந்த வேளையில், மதரசா மாணவர்களை வீட்டுக்கு ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை நீர் அள்ளிச் சென்றது. ஜனாசாக்களை (இறந்தவர்களின் உடல்களை) தேடிய அந்த நாட்களில் கல்முனையில் ஒருவரும் வேறு எதையும் பேசவில்லை. பேருந்து போகாத நீரில் உழவு இயந்திரம் போகும் என்பது நமது பகுதியில் எல்லோரும் நம்பிவந்த ஒன்று. நானும் இரண்டொரு தடவை அப்படி ஏறிப் போனவன்தான். ஆனால் ஆண்டுதோறும் நீர் மேவும் என்று தெரிந்த ஓர் இடத்தில், நீர்மட்டத்தைக் காட்டும் அளவுக் கம்பமும், குறித்த அளவைத் தாண்டியவுடன் இருபக்கமும் மூடும் தடுப்பும் வைப்பதற்குப் பெரிய கடன் ஒன்றும் தேவைப்படாது. இந்தத் துண்டுக்கு நான் புள்ளி போடப் போவதில்லை. நவம்பர், டிசம்பரில் அந்த வழியாகப் போக வேண்டியவர்கள், வானம் வெளித்திருந்தாலும், மேற்கே மழை எப்படி என்று கேட்டறிந்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

பராமரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடந்த ஆண்டு எங்கள் ஊருக்குப் பக்கத்தில், காபட் விரித்து வாசனை கூடப் போகாத ஒரு வீதியைக் குழாய் பதிப்பதற்கென்று ஒரு நிறுவனம் குறுக்கே வெட்டியது. வெட்டிய பள்ளத்தில் மணலைக் கொட்டி மேலே கொஞ்சம் கொங்கிறீற்று பூசிவிட்டுப் போனார்கள். முதல் மழையில் அது கீழே இறங்கியது. விசாரித்தபோது ஓர் அலுவலகம் மற்றைய அலுவலகத்தைக் காட்டியது, அந்த அலுவலகம் ஒப்பந்தகாரரைக் காட்டியது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கும், உள்வீதிகள் பிரதேச சபைக்கும் உரியவை என்பதால், உள்வீதி பெரிய வீதியில் வந்து சேரும் வாயில் கிடக்கும் குழி எவருக்கும் சொந்தமில்லாத குழியாக நின்றுவிடுகிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் கவனித்துப் பாருங்கள். நடுவீதியில் குழி அரிது, திரும்பும் இடத்தில்தான் இருக்கும். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் 2014இல் ஆரம்பித்து, இரண்டாம் கட்டத்தில் கிழக்கு மாகாணத்துக்கும் வந்த ஐ-ரோட் திட்டத்தில், வீதியைத் திருத்திய ஒப்பந்தகாரரே அதன் பின்னரும் சில ஆண்டுகளுக்கு அதைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. எனது பார்வையில், இந்தக் கரையோரத்தில் கடன் வாங்கிச் செய்தவற்றுள் உருப்படியான யோசனை அதுதான். ஏனென்றால் குழி விழுந்தால் யாரைப் பிடிப்பது என்ற கேள்விக்கு அதில் பதில் இருந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது கடனில் நடந்துகொண்டிருந்த வீதி வேலைகளும் முடங்கின. அந்த ஆண்டு ஜூன் இறுதியில் பெற்றோல் 470 ரூபாவுக்குப் போனது, அதுவும் வரிசையில் நின்றால்தான். காபட் போடுவதற்காகக் கிளறிவிட்ட உள்வீதிகளில் கிறவல் புழுதியை விழுங்கிக்கொண்டு, பெற்றோல் வரிசைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம்.

இரவுப் பயணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பகலில் வெயில் குடித்த காபட் இரவில் இளஞ்சூடாக இருப்பதால் கட்டாக்காலி மாடுகள் அதில் படுத்துக்கொள்கின்றன. கறுப்புத் தளத்தில் கறுப்பு மாடு. எதிரே வரும் லொறியின் வெளிச்சம் கண்ணில் அடித்தால் ஒன்றும் தெரியாது. தளம் நன்றாக இருப்பதே வேகத்துக்கு அழைப்பாகிவிடுகிறது என்பதால், தெருவிளக்கு இல்லாத இடங்களில் நல்ல வீதி கெட்ட வீதியைவிட ஆபத்தாக இருக்கும். தேற்றாத்தீவுக்கும் களுதாவளைக்கும் இடையில் நானே ஒரு முறை மயிரிழையில் தப்பினேன். மாடு எழுந்திருக்கக்கூட இல்லை.

புள்ளி கேட்பவர்களுக்காக: ஐந்துக்கு, தளத்துக்கு நாலரை, பாலங்களுக்கு நாலு, ஊர்களுக்குள் உள்ள அகலத்துக்கு இரண்டரை, வடிகாலுக்கு ஒன்றரை. பாலங்களுக்கு நாலு கொடுத்ததில் மண்முனைப் பாலத்தையும் சேர்த்துத்தான் கணக்கிட்டேன். அது ஏ4 வீதியில் இல்லை என்றாலும், 2014இல் ஜப்பானின் உதவியோடு அது திறக்கும் வரை வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போக எங்கள் ஊரவர்கள் வாவியில் ‘பாதை’க்குக் காத்திருந்தார்கள். வெளியூரவர்களுக்கு ஒரு விளக்கம்: இங்கே ‘பாதை’ என்றால் வாகனம் ஏற்றும் மிதவைப் படகு. அதிகாலை ஐந்தரைக்கு முன் புறப்பட்டால் ஆரையம்பதியிலிருந்து கல்முனைக்கு முக்கால் மணி நேரம் போதும். ஏழரைக்குப் பின் புறப்பட்டால் பாடசாலை வாசல்களில் மாத்திரம் கால் மணி நேரம் போய்விடும்.