துனிசியா: வழக்கா, வீதியா?

2011 புரட்சிக்குப் பிறகு துனிசியாவில் ஊழலை எதிர்க்க இரண்டு வழிகள் உருவாயின. ஒன்று, அதே ஆண்டு தொடங்கிய ‘ஐ வாட்ச்’ அமைப்பு. ஆவணங்களைத் தோண்டுவது, புகார் தருபவர்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்வது என்று நிதானமாக இயங்குகிறது.

மற்றது ‘மனிஷ் ம்சாமஹ்’, அதாவது ‘மன்னிக்க மாட்டேன்’ என்ற இயக்கம். புரட்சியில் வீழ்ந்த அதிபர் பென் அலியின் ஆட்சியில் பணம் சுருட்டியவர்களை விட்டுவிடும் மசோதாவை 2015இல் அதிபர் எஸ்ஸெப்சி முன்வைத்ததும் இளைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். ‘மன்னிக்க மாட்டேன்’ என்று டி-ஷர்ட்டில் அச்சிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். 2017 செப்டம்பரில் சட்டம் நிறைவேறிவிட்டது, சரி. ஆனால் தொழிலதிபர்களுக்கான சலுகை நீக்கப்பட்டு, அரசு அதிகாரிகளுக்கு மட்டும் மன்னிப்பு என்று சுருங்கியது. அதை நான் பெரிய வெற்றியாகவே பார்க்கிறேன்.

மசோதாவை மடக்க வீதிதான் சரி. மேலதிகாரியின் லஞ்சத்தை அம்பலப்படுத்தி வேலை போகும் நிலையில் நிற்கும் குமாஸ்தாவுக்கோ, முதலில் ஒரு வக்கீல் வேண்டும்.